பட்டைச் சாயம் என்று நான் சொன்னது

இன்று காலை தர்மாஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்து, "இதுல துப்புங்க பெரியவரே" என்றாள். மூன்று வாரமாக விடாத இருமல் எனக்கு. துப்பிவிட்டுக் குனிந்து பார்த்தேன். வெறும் சளி. அந்த வெள்ளையில் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. உன் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் நானும் துப்பிய இடம் அப்படியா? ஆம்பூர் தோல் ஷாப்பில், தோல் பதனிடப் பட்டை இடிக்கிற கொட்டகை. உலக்கை விழ விழத் தூள் எழும்பும். கொன்றைப் பட்டைத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். இடிக்கிறவன் எவன் துப்பினாலும் செம்பழுப்பாகத்தான் விழும். ஒருநாள் நீ இருமித் துப்பிவிட்டு, தரையையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இன்னா வாத்தியாரே, இது ஜாஸ்தி செவப்பா இருக்குதே?"

"பட்டைச் சாயம்டா. பட்டைத் தண்ணி செத்த தோலையே அழுகாம காப்பாத்துது. உன் நெஞ்சை மட்டும் விட்டுடுமா?"

பட்டைக் கட்டுகளோடு வரும் சீட்டுகளைப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். கொட்டகைக்கே பத்திரிகை வாசித்துச் சொல்கிறவன். அதனால்தான் வாத்தியார் என்று கேலி செய்வாய். ஆனால் நான் சொன்னதற்கு மறுபேச்சு பேசமாட்டாய். அன்றும் சரியென்று உலக்கையை எடுத்துக்கொண்டாய்.

மழைக்காலம் முடிவதற்குள் உன் உடம்பு பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷாப்பு ஆட்களுக்கு அப்போது வாசல் கிடையாது, பக்கத்து ஜன்னல்தான். நம் வாடை உள்ளே ஆகாதாம். கம்பவுண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாம் கொண்டுபோன சீசாவில் இருமல் மருந்தை ஊற்றித் தந்தார். இரண்டு தடவை அப்படியே திரும்பினோம்.

"என் மூஞ்சியக்கூட பாக்கல வாத்தியாரே. ஜன்னலுக்குத்தான் வைத்தியம் பண்றாரு. பாரு, ஜன்னல் சீக்கிரமே நல்லா ஆயிடும்" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மூன்றாவது தடவை நான் வாசற்படியில் வழியை மறித்து உட்கார்ந்தேன்.

"டாக்டர் குழாய் வச்சுப் பாக்காம எழுந்திருக்க மாட்டேன்."

"எழுந்து போய்யா, நாறுது!" என்றார் கம்பவுண்டர்.

"நாறட்டும். உன் கால்ல கிடக்கிற ஜோடும் எங்க கையில நாறிட்டுத்தான் வந்துது."

சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார். உன் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "எவ்வளவு நாளா ரத்தம் வருது?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். "ரத்தம் இல்லீங்க, பட்டைச் சாயம்" என்றாய்.

"சயரோகம்" என்று அவர் என்னிடம்தான் சொன்னார். "ஆறு மாசம் முன்னாடியே கூட்டியாந்திருக்கணும்."

தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

அந்தக் கம்பவுண்டரை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போனார் என்று சொன்னார்கள், அப்போதும் மன்னிக்கவில்லை. இப்போது அந்த ஜன்னல் இல்லை. நெஞ்சு நோய்க்காரருக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னைப் போன்ற கிழடுகளுக்கு உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஜில்லா போர்டுக்கு நான் ஓயாமல் மனு எழுதியதால்தான் இதெல்லாம் வந்தது என்கிறார்கள். இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உன் சம்சாரம் இன்றும் என் தெருவில்தான் இருக்கிறாள். கொட்டகையில் நான் உன்னிடம் சொன்னதை நீ அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொன்னதில்லை. "அந்த அண்ணன் மட்டும் சண்டை போடலன்னா, டாக்டர் எங்க வூட்டுக்காரர தொட்டுக்கூட பாத்திருக்க மாட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். இருபது வருஷமாக நான் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.