சாம்பிராணி போட்ட குழி

மகளுக்கு சலாம்.

உன் அம்மா சொல்லி எழுதவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

பழைய ஊரின் இடிபாடுகளை ஆராய வந்தவர்கள் அந்த மேட்டைத் தோண்டலாம் என்று ஊர்க் கூட்டத்தில் கை தூக்கினாய் என்பதற்காக உன்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். அது நம் மூதாதை ஷேக்கின் கல்லறை என்று நம் பாட்டே தீவு முழுக்கச் சொன்னவன் நான்தான். வியாழன்தோறும் சாம்பிராணி போட்டேன், பன்னீர் தெளித்தேன். பிள்ளை வரம் கேட்ட பெண்களையும் அங்கே அழைத்துப் போனேன்.

நேற்று தோண்டிய இடத்தைப் பார்க்க நீயும் அவர்களும் ஊரையே கூப்பிட்டிருந்தீர்கள். உள்ளே எலும்பு இல்லை. சுண்ணாம்பு பூசிய குழியும், கால் வைக்க இரண்டு பவளக் கற்களும் இருந்தன. அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்ன பெரியவரே, இத்தனை வருஷமா கக்கூசுக்கா பன்னீர் தெளிச்சீங்க?" என்றான் படகுக்காரன் பகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அப்போதே போய்விட்டதாக நினைத்திருப்பாய். இடிந்த சுவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"சிரிக்காதீங்க மாமா. பழைய ஊர்ல இருந்த கல்லையெல்லாம் பேர்த்து உங்க வீட்டுச் சுவரைக் கட்டினீங்க. இங்க மட்டும் எங்க அப்பாவுக்குப் பயந்து கை வைக்கல. அதனாலதான் இன்னிக்குப் பார்க்க இதாவது மிச்சம் இருக்கு" என்றாய்.

அவர்கள் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். நீ பேசியதைத் தாங்க முடியவில்லை.

ஷேக்கின் கல்லறை வேறெங்கோ இருக்கிறது. அதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண்களிடம் நாளை நானே போய்ச் சொல்ல வேண்டும். தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது. காலையில் வீட்டுக்கு வா. சேர்ந்து போவோம்.

உன் தகப்பன்