பால்குடி மறந்த குட்டிகள்

நாரணாபுரம்,
ஆவணி மாதம், 1961.

மூணாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அன்புள்ள மச்சானுக்குச் சின்னத்தாய் எழுதுவது. இங்கே அத்தையும் நானும் இருக்கிறோம். குளிருக்குக் கம்பளி வாங்கினீர்களா, இல்லை சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறீர்களா என்று தெரியவில்லை.

போன கடிதத்தில் என்னை விசாரிப்பதற்கு முன்னால் முயலை விசாரித்திருந்தீர்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. உங்கள் முயல் குட்டி போட்டு, குட்டிகள் பால்குடியும் மறந்துவிட்டன. அதற்குள் நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல.

முயல் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிக் கூண்டில் வைத்த பானைக்குள் மெத்தை போட்டுத்தான் குட்டி போட்டது. முடி இல்லாமல், கண் திறக்காமல், சிவப்பாக நெளிந்தன. ஆசை தாங்காமல், வேலை விட்டு வந்த கையோடு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டேன். சரவெடி பின்னுகிற கை. புளி போட்டுக் கழுவினாலும் கந்தக வாடை போகாது. தாய் வந்து குட்டிகளை மோந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விட்டது. மறுநாள் குட்டிகளின் வயிறு ஒட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் அக்காதான் வழி சொன்னாள். முயல் படுத்த வைக்கோலைக் கையில் தேய்த்துக்கொண்டு, முயலை மடியில் மல்லாக்கப் பிடித்து, குட்டிகளைக் காம்பில் விட்டேன். வயிறு தள்ளி நிற்கிறதால் மடியில் இடமே இல்லை. தினமும் விடியலில் இதே பாடுதான்.

ஒருநாள் அப்படிப் பிடித்திருந்தபோது எங்கள் பட்டாசுக் கம்பெனிப் பொட்டலில் புது வெடியைப் போட்டுப் பார்த்தார்கள். முயல் மிரண்டு துள்ளியதில் ஒரு குட்டி மிதிபட்டுச் செத்தது. அன்றைக்கே கூண்டைச் சுற்றிச் சாக்கு கட்டினேன்.

மச்சான், இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தச் சத்தத்துக்கு என் வயிற்றில் இருப்பதும் துள்ளியது. போன வாரம் நான் வேலை செய்யும் அறைக்கு அடுத்த அறையில் தீப்பிடித்துவிட்டது. எல்லோரும் தப்பிவிட்டோம். ஓடுகிற ஓட்டத்தில் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு பிள்ளை அசையவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் கையை வைத்தபடி கிடந்தேன். மறுநாள் விடிந்து, கடைசிக் குட்டிக்குப் பால் கொடுக்க முயலை மடியில் வைத்தபோதுதான் லேசாக ஓர் உதை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வேலைக்குப் போகவில்லை என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். உம் புருசன வயித்துல வச்சுக்கிட்டு நானும் தீப்பெட்டி ஒட்டுனவதான், சீசன்ல நின்னுட்டா மறுபடி சேத்துக்கிட மாட்டாக என்று சொல்லிவிட்டார்கள். அத்தை கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. பிறக்கிற பிள்ளையும் என் கையை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுமோ என்றுகூடத் தோன்றுகிறது. பிறக்க வேண்டுமே முதலில்.

அத்தைக்கு நீங்கள் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். நான் கேட்டதாக எழுத வேண்டாம். உங்களுக்கே தோன்றியதுபோல, அவளை வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போதும். என்னை அங்கே கூப்பிட்டுக்கொண்டாலும் வருவேன். குட்டிகள் இப்போது தாயில்லாமல் தனிக் கூண்டில் அகத்திக்கீரை தின்கின்றன. பஞ்சம்மாள் அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

மாரியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். அத்தைக்கு எழுதும் கடிதத்தை, இது கிடைத்த அன்றே தபாலில் போட்டுவிடுங்கள். அது வந்து சேரும்வரை நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பேன்.

உங்கள்,
சின்னத்தாய்