எதிர்க்கடைப் பால் டீ

ஹாம்பர்க்

தங்கச்சி சூச்சிங்குக்கு,

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. மயங்கி விழுந்த உன்னை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனதும், தெருவைத் தாண்டி வந்து உன் கல்லாவில் நின்றேன். நம் தேநீர்க்கடையை விட்டு நீ பிரிந்த பிறகு உன் கடைக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. உன் வாடிக்கையாளர்கள் மழையில் நின்றார்கள், அதற்காகத்தான்.

வரிசையில் முதலில் நின்ற டீச்சர் பிரிட்டா சிரித்தாள். "பால் டீயெல்லாம் டீயே இல்லன்னு சண்ட போட்டுத்தானே சூச்சிங்கை வெளிய அனுப்பினீங்க?"

"இப்பவும் அதேதான் சொல்றேன். சர்க்கரை எவ்வளவு போடணும், அதச் சொல்லு."

பால் டீயில் போடும் ஜவ்வரிசி உருண்டைகளைக் கொஞ்சம் குழைய விட்டுவிட்டேன். யாரும் திருப்பித் தரவில்லை. கடை சாத்துமுன் எனக்கும் ஒன்று போட்டுக் குடித்தேன். தித்திப்பு அதிகம். ஆனால் பாலுக்குள் இருந்தது நல்ல ஊலாங் தேயிலை. மட்டமான தூள் போடுவாய் என்றே நினைத்திருந்தேன்.

இன்று ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வேலை இருந்தது. எட்டிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாய். இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அங்கே தருகிற பொட்டல டீயைக் குடிக்காதே. நாளைக்கு ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள். ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

— எதிர்க்கடைக்காரி