போய்த் திரும்பும் தூரம்

மார்ச் 5, வியாழன்

இன்று மூட்டை நாள். நான் போகவில்லை. போன மாதமும் போகவில்லை.

நாத்தனார் வரும்போதே நேரமாகிவிட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போகிற வழியில், ஸ்ட்ரோக்கில் படுத்துவிட்ட தன் அண்ணனை, என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள ஓடி வருகிறாள். பத்து மணிக்கு அவள் கிளம்பியாக வேண்டும். அதற்குள் நான் ஆலை முற்றத்துக்குப் போய், மூட்டை பொறுக்கித் திரும்ப முடியாது. ஆற்றுப் பாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள். பஸ், கார் எல்லாம் ஊரைச் சுற்றிப் போகின்றன. பாலத்தை ஒட்டித் தகரத் தடுப்பு வைத்துப் பலகைப் பாதை ஒன்று விட்டிருக்கிறார்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். போகும்போது இறக்கம். வரும்போது ஏற்றம். என் முழங்கால் பாதி ஏற்றத்திலேயே உட்காரச் சொல்லும்.

தம்பி எனக்குப் பதிலாக நின்றான். போட்டோ அனுப்பினான். போட்டோவில் எந்தத் துணியும் பட்டு மாதிரித்தான் இருக்கும். மிச்சத் துணி வியாபாரம் கண்ணால் செய்வதில்லை. ஆலை வெட்டிப்போட்ட துண்டுகளை மூட்டையாகக் கட்டி வைக்கும். அவிழ்க்கக் கூடாது. மூட்டை வாயில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று அங்கேயே சொல்ல வேண்டும். அதுவும் வரிசைப்படி. முன்னால் நிற்பவருக்கு நல்ல பருத்தி, கடைசியில் நிற்பவருக்கு ஈரமும் எண்ணெய்க் கறையும். கடைசி இடத்திலிருந்து முன்னால் இரண்டாம் இடத்துக்கு வர எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. முற்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் இடத்தில் இன்னொருவர் தொடர்ந்து மூன்று மாதம் நின்றால் இடம் நின்றவருக்கு.

தம்பி இரண்டு மாதம் நின்றாயிற்று.

"அக்கா, நீ ஏன் கவலப்படற? நீ மாமாவப் பாத்துக்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வான். அதுதான் பயம்.

மார்ச் 6

இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கக் கூடாதா என்று யாராவது கேட்டால் சொல்ல எழுதி வைக்கிறேன்: வைத்துப் பார்த்தாயிற்று. முதல் ஆள் மேல் இவர் தட்டை வீசினார். இரண்டாவது ஆள் தட்டின் கதையைக் கேட்டே வரவில்லை.

மார்ச் 7, சனி

இவருடைய பழைய சைக்கிள் பின்வாசல் நடையில் சாய்ந்து கிடக்கிறது. பஸ் டிப்போவுக்கு இவர் போய் வந்த வண்டி. இப்போது அதன்மேல் இவருடைய படுக்கை விரிப்புகள் காய்கின்றன. இன்று விரிப்பை எடுக்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தேன். இரும்பு இரும்பாகவே இருக்கிறது.

பலகைப் பாதையில் சைக்கிள் போகலாம். ஏற்றத்துக்கு மோட்டார் தள்ளினால் போதும்.

ரெடிமேட் எலெக்ட்ரிக் சைக்கிள் விலை கேட்டேன். கடைக்காரன் விலையைச் சொன்ன குரலிலேயே தெரிந்தது, பாதி அந்தப் பெயர் ஸ்டிக்கருக்கு. உள்ளே இருப்பது என்ன? ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, இரண்டையும் பேச வைக்க ஒரு கன்ட்ரோலர் டப்பா, கையில் திருக ஒரு ஆக்ஸிலரேட்டர் முறுக்கு. உதிரியாக வாங்கிச் சேர்த்து விற்பவளுக்கு இது தெரியாதா?

நானே செய்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

நாள் முழுக்க போன். ஒரு கையில் இவருக்கு சூப், தோளில் போன். சைக்கிள் கடைக்காரர் கேட்டார்: "முன் சக்கரத்துல மோட்டாரா, பின்னாடியா அக்கா? முன்னாடின்னா மாட்டறது ஈஸி."

எது சுலபம் என்று கேட்டு வியாபாரம் செய்தவளில்லை நான். ஏற்றத்தில் எது வழுக்காது என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"பின்... னாடி. பஸ்ஸு... எப்பவும் பின்னாடிதான் தள்ளும்."

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இவர் பேசிய நீளமான வாக்கியம். பின்னால் என்றே சொல்லிவிட்டேன். இவர் சொன்னதற்காக இல்லை. என் கனமும் மாதிரித் துணிப் பையும் பின்னால்தானே அழுத்தும், அதனால்.

சரி, இவர் சொன்னதற்காகவும்தான்.

மார்ச் 12, வியாழன்

மோட்டார் ஒரு இடம், கன்ட்ரோலர் இன்னொரு இடம், முறுக்கு மூன்றாவது இடம். எல்லோரிடமும் ஒரே வோல்ட் என்று சொல்லச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். இந்த வீட்டுக்குள் அடைந்த பிறகு இவ்வளவு பேரோடு பேரம் பேசியது இப்போதுதான். குரல் பழையபடி திரும்பியிருக்கிறது. நாத்தனார் சொல்கிறாள்: "அண்ணி, நீங்க போன்ல கத்தறது தெருமுனை வரைக்கும் கேக்குது. நல்லாருக்கு."

பேட்டரியில்தான் என் சாமர்த்தியம். புதுசுக்கு விரல் தடிமன் செல்களை வரிசையாக ஒட்டித் தருகிறார்கள். பேட்டரிக்காரர் மூலையில் மிச்ச செல்கள் கிடக்குமே என்று கேட்டேன். கிடந்தன. பல வண்டியில் பல காலம் ஓடியவை. "கலந்து கட்டுனா நான் கேரன்டி தர முடியாதுங்க" என்றார். கேரன்டி யார் கேட்டது? மிச்சத்தில் லாபம் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு மூட்டையில் பத்துத் துண்டு சோடை என்றாலும் மீதி நல்ல துண்டுகள் அதைத் தூக்கிவிடும்.

சாமான் பட்டியலை இவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "பிரேக்?" என்றார்.

அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன்.

"மொதல்ல... பிரேக்கு. அப்பறம்... மோட்டாரு." வாய் கோணினாலும் முறைப்பு கோணவில்லை. பிரேக் கட்டையும் கம்பியும் புதுசாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி வந்தான். நடையில் சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மோட்டார் வைத்த சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, "என்னக்கா, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்றான்.

"ஆமா. ஒனக்கு ஒரு டிக்கெட் எடுத்து வெக்கறேன்."

டீ குடித்தான். மாமாவின் காலைத் தடவிக் கொடுத்தான். பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"அடுத்த மாசத்தோட எடம் எம்பேருக்கு வந்துரும்க்கா. நீ ஒண்ணும் தப்பா நெனைக்காத. ஒனக்கு மாசாமாசம் நான் பாத்து செய்வேன்."

பார்த்துச் செய்வானாம். நான் முற்றத்தில் நிற்க ஆரம்பித்தபோது இவனுக்கு மூக்குத் துடைக்கத் தெரியாது. என் கைக்குப் பருத்தி எது, கலப்பு எது என்று இருட்டில் தெரியும். அந்தக் கை இப்போது என்ன செய்கிறது? கரண்டி பிடிக்கிறது. விரிப்புப் பிழிகிறது. இன்னும் ஒரு மாதம் போனால் இதற்கு வேறு எதுவும் தெரியாமல் போய்விடும்.

மார்ச் 18

மழை. விரிப்பு காயவில்லை. வேறு எதுவும் நடக்கவில்லை. இங்கே வேறு எதுவும் நடப்பதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஒயர்களை நேற்று சேர்த்தேன். இவர் கட்டிலிலிருந்து நிறம் சொன்னார், நான் நிறத்துக்கு நிறம் செருகினேன். சக்கரம் உறுமிச் சுற்றியது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று நாத்தனார் வந்ததும் வெள்ளோட்டம். இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. பலகைப் பாதை கடகடவென்றது. முற்றத்தின் பூட்டிய கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். எவ்வளவு சீக்கிரம்! எனக்கே சிரிப்பு வந்தது, ரோட்டில் தனியாக.

ஏற்றத்தின் நடுவில் செத்துவிட்டது.

முனகல்கூட இல்லை. பல்பை அணைத்த மாதிரி. மீட்டரில் பாதி சார்ஜ் காட்டியது. கொஞ்சம் நின்றால் உயிர் வரும், திருகினால் போகும். மோட்டாரின் கனத்தோடு அந்த இரும்பை மேலே தள்ளி வந்து சேர்ந்தபோது முழங்கால் தீயாக எரிந்தது. நாத்தனார் சொன்ன நேரத்தைத் தாண்டி வாசலிலேயே நின்றிருந்தாள். ஞாயிறு என்பதால் தப்பித்தேன். "வேல நாள்ல இப்பிடின்னா அண்ணன விட்டுட்டுத்தான் போயிருப்பேன் அண்ணி" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

பேட்டரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கே சொன்னேனே அம்மா. துணி மூட்டை மாதிரி இல்ல இது. எல்லா செல்லும் கைகோத்து நிக்குது. இருக்கறதுலயே நோஞ்சான் எதுவோ, அது காலியாயிட்டா மொத்தமும் நின்னுடும். மத்ததுல எவ்ளோ இருந்தாலும் எடுக்க முடியாது."

நல்ல துண்டு சோடைத் துண்டைத் தூக்காதாம். சோடைதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துமாம். வியாபாரத்தில் கற்ற பாடமே என்னை நடு ரோட்டில் நிறுத்திவிட்டது.

மார்ச் 23, திங்கள்

எழுதாமல் விட்டால் மனசு ஆறாது.

காலையில் சூப்பைத் தட்டிவிட்டார். வேண்டுமென்று இல்லை, கை இழுத்துக்கொண்டது. தெரியும். தெரிந்தும் — எங்கிருந்து வந்ததோ — சொல்லிட்டேன். "அந்த செத்த செல்லு நீங்கதான். எங்கிட்ட எவ்ளோ இருந்து என்ன, ஒங்களாலதான் நான் நிக்கறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனா பொய்யா? பொய்யில்லையே. பொய்யா இருந்திருந்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருப்பேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்ப அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அதையும் நின்று பார்த்தேன்.

மார்ச் 24

பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 26, வியாழன்

கலப்பு வேண்டாம். ஒரே பெட்டியில் வந்த, ஒரே வயது செல்களாகவே கட்டச் சொல்லிவிட்டேன். மூட்டை நாளுக்கு முன்னால் தந்துவிடுவதாகப் பேட்டரிக்காரர் சொல்கிறார். அடுத்த கேள்வி: சின்னதா, பெரியதா?

"எவ்ளோ தூரம் போகணும் அம்மா?"

முற்றம் வரை. திரும்ப வீடு வரை. சொன்னேன். அதற்குச் சின்னதே போதும் என்றார். பெரியது எடுத்தால் இதைப்போல இன்னொரு மடங்கு தூரம் போகலாமாம். கனம் கூடும், விலை கூடும்.

விற்காத சரக்கை நான் வாங்குவதில்லை. போய்த் திரும்பும் தூரத்துக்கு மேல் எனக்கு எதற்கு? மாட்டுக்குக் கயிறு வாங்குகிறவர் புல் இருக்கும் தூரத்தை அளந்துதான் வாங்குவார். இங்கே மாடும் நானே, கயிறு வாங்குவதும் நானே. வாய்க்கு வந்துவிட்டது, "சின்னதே —"

"பெருசு."

சுவர்ப் பக்கமிருந்து. திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் சொல்.

போனைக் கையால் மூடிக்கொண்டேன். "எதுக்கு?"

ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னார். எழுதும்போது சேர்த்து எழுதுகிறேன்: "டிப்போல டீசல அளந்து ஊத்துனா, டிரைவரு ரோட்டப் பாக்க மாட்டான். டீசல் முள்ளையே பாத்துட்டு ஓட்டுவான்."

"முற்றத்த விட்டா நான் வேற எங்க போகப் போறேன்?"

"அத... ஏன்... எங்கிட்ட கேக்கற?"

பேட்டரிக்காரர் "அம்மா, லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியதைச் சொன்னேன்.

ஏப்ரல் 1, புதன்

பேட்டரி வந்தது. குழந்தை கனம். மாட்டி, ஏற்றத்தில் ஒரு தரம் ஏறி இறங்கினேன். நிற்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும், இத்தோடு நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

போனேன்.

பலகைப் பாதைக் காவலாளி கையை நீட்டி மறித்தான். "மோட்டார் வண்டி உள்ள விடறதில்லைம்மா." மிதித்துக் காட்டினேன். "சைக்கிள்தாம்பா. வயசானவ மிதிக்கறா, பாத்துட்டு நிக்கற." விட்டுவிட்டான்.

முற்றத்தில் என் இடத்தில் தம்பி. என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க இன்னும் ஒரு தரம் அந்த ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறலாம். ஆலை சூப்பர்வைசர் சொன்னார்: "அட, கட்பீஸ் அக்கா வந்தாச்சு. தம்பி, தள்ளிக்கப்பா." அவன் தள்ளிக்கொண்டான். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மூட்டை வாயில் கையை விட்டேன். முழங்கை வரை. மேலே கலப்பு, நடுவில் கலப்பு, அடியில் குளிர்ச்சியாக, கொஞ்சம் சொரசொரப்பாகப் பருத்தி. கை மறக்கவில்லை. அழுகை வந்தது. தும்மலாக மாற்றிக்கொண்டேன், அங்கே எப்போதும் தூசிதான்.

பிறகு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன். "மூட்டைய சுத்து வழியில கொண்டாந்து எறக்க ஆள் வேணும். நீ வர்றியா, வேற ஆளப் பாக்கட்டா?"

"வர்றேன். வேற என்ன செய்ய?" என்றான். அப்புறம், "நல்லாதாங்க்கா ஓட்டற" என்றான்.

பலகைப் பாதை முடியும் இடத்தில் நின்றேன். இடது பக்கம் ஏற்றம், வீடு. வலது பக்கம் ஆற்றோரச் சாலை, கண் போகிற மட்டும் சமதளம். மீட்டரில் பாதிக்கு மேல் இருந்தது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் போகாவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன், இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே?

இடது பக்கம் திரும்பினேன்.

நாத்தனார் பையை மாட்டிக்கொள்ளக்கூட ஆரம்பிக்கவில்லை. இவரை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தாள்.

"எடம்?"

"இருக்கு."

"எவ்ளோ... மிச்சம்?" பேட்டரியைக் கண்ணால் காட்டினார்.

"பாதிக்கு மேல."

"நேரா... வந்துட்டியா?"

"ஆமா."

சூப்பைச் சூடு பண்ணினேன். இவர் கைக்குக் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தேன். பாதி மடியில் விழுந்தது. பாதி வாய்க்குப் போயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று மூட்டை இல்லை, முற்றம் பூட்டு. நாத்தனார் மட்டும் வந்தாள், நாளிதழோடு. நான் விரிப்பை ஊற வைக்கப் போனேன். "அத அப்பறம்... ஊற வெக்கலாம். வண்டிய எடு" என்றார் இவர்.

எடுத்தேன். பலகைப் பாதை முனையில் இந்தத் தரம் நிற்கவில்லை, ஆற்றோரச் சாலையில் வண்டியை விட்டேன்.

திரும்பி வந்ததும் எங்கே போனாய் என்று இவர் கேட்கவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை. நானும் எங்கே என்று இங்கே எழுதப் போவதில்லை. விரிப்பு இன்னும் ஊறவில்லை. சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அதற்குப் போகிறேன்.