கதிர்வீச்சு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், மன்னார்புரம் பக்கத்து ஆஸ்பத்திரியின் கூடத்தில் உங்கள் அருகே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

நாம் முதலில் பேசிக்கொண்டது அங்கேதான். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் எனக்கு இரும்பைச் சப்புவது போலிருந்தது. நீங்கள் கைப்பையிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து நீட்டி, மெல்லாமல் நாக்கில் அடக்கிக்கொள்ளச் சொன்னீர்கள். பெயர் கேட்டதே அதற்குப் பிறகுதான். ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு லால்குடியில் வயலும் இரண்டு மாடும். இருவருக்கும் நுரையீரலில் புற்று. "உனக்கு வேற எங்க போயிருக்கு?" என்று, பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது போலக் கேட்டீர்கள். எனக்கு முதுகெலும்பில் ஒரு புள்ளி, உங்களுக்கு இடுப்பெலும்பில். வேறு எங்கும் இல்லை. அதை ஏதோ நல்ல செய்தி போல இருவரும் சொல்லிக்கொண்டோம். எங்கள் வீட்டில் யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

பரவல் அவ்வளவோடு நின்றிருந்ததால்தான் டாக்டர் அந்த ஆய்வைப் பற்றி நம்மிடம் பேசினார். ஒரு பிரிவினருக்கு இப்போதுள்ள மருந்து மட்டும் தொடரும். இன்னொரு பிரிவினருக்கு மருந்தோடு, கட்டி இருக்கும் இடங்களை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும் என்றார். நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்று என் வீட்டுக்காரர் பயந்தார். "உங்க அம்மாவா இருந்தா எதைக் குடுப்பீங்க?" என்று நீங்கள் டாக்டரிடமே கேட்டுவிட்டீர்கள். அவர் சற்று யோசித்து, "தெரிஞ்சிருந்தா இந்த ஆய்வே வேண்டியதில்லைங்கம்மா" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றைக்குத்தான் பார்ப்பதாக வெளியே வந்து சிரித்தீர்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

எனக்குக் கதிர்வீச்சு வந்தது. உங்களுக்கு மருந்து மட்டும்.

மறுமுறை போனபோது, என் முறையை அக்காவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று ஆய்வைக் கவனிக்கும் நர்ஸம்மாவிடம் கேட்டேன். முடியாது என்று அவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அது எப்படியோ உங்கள் காதுக்குப் போய்விட்டது. கூடத்தின் மூலைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கோபப்பட்டீர்கள்.

"நான் என்ன ஏமாந்தா போயிட்டேன்? மருந்து மட்டும் எடுக்கிறவ ஒருத்தி இல்லன்னா, உனக்குக் குடுத்தது நல்லதா கெட்டதான்னு எதை வச்சுப் பாப்பாங்க? என் பங்கு என்னோடது. அதை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

நீங்களே என் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனீர்கள்.

கதிர்வீச்சு நாட்களில் உங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கடையை மகளிடம் விட்டுவிட்டு, பாலம் தாண்டி பஸ் மாறி வந்து, அந்தக் கனத்த கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே என் உடம்புக்கென்றே வார்த்து வைத்திருந்த அச்சில் என்னைப் படுக்க வைப்பார்கள். மார்பில் குத்திய மைப்புள்ளிகளுக்கு நேராக வெளிச்சக் கோடுகள் விழும். மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்று ஒரு குரல் மட்டும் கேட்கும். பயத்தில் முதல் நாள் எனக்கு மூச்சு நிற்கவே இல்லை. வெளியே வந்து சொன்னதும், நெல் தூற்றும்போது தூசிக்கு மூச்சை அடக்குவாயே, அப்படி அடக்கு என்றீர்கள். வயலையே பார்க்காத உங்களுக்கு அது எப்படித் தோன்றியதோ, எனக்கு அது கைகொடுத்தது.

என் முதுகெலும்புப் புள்ளி அடங்கியது. சில மாதம் கழித்து இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. கதிர் பட்ட நுரையீரல் புண்ணாகியிருக்கிறது என்றார்கள். மாத்திரையில் அது ஆறும் வரை தினமும் போனில் கூப்பிட்டு, நான் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று கேட்டீர்கள். அந்த நாட்களிலேயே உங்கள் ஸ்கேனில் கல்லீரலில் புதிதாக ஒரு புள்ளி வந்திருந்தது. நான் தேறும் வரை அதை என்னிடம் சொல்லவில்லை.

உங்களுக்கு மருந்தை மாற்றினார்கள். இடுப்பு வலி பொறுக்க முடியாமல் போனபோது வலி குறைவதற்காக உங்களுக்கும் சில தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். அப்போது வெளியே உட்கார்ந்திருந்தது நான். சக்கர நாற்காலியில் வெளியே வந்து, "உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கு. இத்தனை நாள் நீ மட்டும் அனுபவிச்சிருக்க" என்றீர்கள். தள்ளிக்கொண்டு வந்த பையன்கூடச் சிரித்துவிட்டான்.

கடைசியாக உங்களைப் பார்த்தது உங்கள் வீட்டில். முன்னறைக் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்குப் பேச மூச்சு போதவில்லை. எங்கள் வயலில் நடவு முடிந்ததா என்று கேட்டீர்கள். முடிந்தது என்றேன். "செக்கப்பை மட்டும் விட்டுடாத. நல்லா இருக்கோமேன்னு வீட்லயே இருந்துடாத" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

விடவில்லை அக்கா. இன்றைக்கும் அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக எதுவும் இல்லை என்றார் டாக்டர். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததை இன்று கேட்டுவிட்டேன்: முதலிலேயே கதிர்வீச்சு கிடைத்திருந்தால் அக்கா இருந்திருப்பார்களா? ஒருவரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது என்றார். ஆய்வின் முடிவு வர இன்னும் காலம் ஆகுமாம். முன்பு தெரியாது என்று சொன்னாரே, அதே குரல். இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை.

வெளியே வந்து நர்ஸம்மாவிடம், ஆய்வுப் பட்டியலில் அக்கா பெயரை அடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடிக்க மாட்டோம்மா. போனவங்களை விட்டுட்டா அது எப்படி உண்மையாகும்? முடிவு எழுதுறப்ப உங்களையும் சேத்துப்போம், அவங்களையும் சேத்துப்போம். அவங்க இன்னும் இதுலதான் இருக்காங்க."

திரும்பும்போது ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன். உங்கள் மகள் கடையில் தனியாக இருந்தாள். நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க சித்தி" என்றாள். சொன்னேன். லால்குடி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.