வடிதாளில் தங்கிய கறுப்பு மணல்

அனுப்புநர்:
ரெத்னோ விஜயந்தி,
வேதியியல் ஆசிரியை,
மேற்குச் சந்து, கராங்ஜேனார் கிராமம்,
மத்திய ஜாவா.

பெறுநர்:
மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் சந்தின் முற்றத்து மண்ணில் ஈயம் வரம்புக்குள் இருப்பதாகத் தந்த அறிக்கையை ரத்து செய்து, மண்ணை முழுவதும் கரைத்து மறுபடி அளக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் லாரஸ் நான்கு வயதில், சென்ற மழைக்காலத்தில், வலிப்பு வந்து இறந்தாள். அவள் ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்ததாக மருத்துவர் தெரிவித்தார். வீட்டில் இன்னும் ஒரு மகன் இருக்கிறான். பாஸ்கோரோ, ஏழு மாதக் குழந்தை. அவனுக்காகத்தான் இம்மனு.

2. ஊர் எல்லையில் இருந்த பழைய பேட்டரி உருக்கும் உலையை மூடியபோது, உருக்கியபின் மிஞ்சிய கறுப்புக் கசடை இலவசமாகக் கொடுத்தார்கள். மழைத்தண்ணீர் தேங்கும் முற்றங்களை அதைக் கொட்டித்தான் மேடாக்கினோம். நன்றியும் சொன்னோம். லாரஸ் அதை அள்ளி அள்ளிச் சோறு பொங்கி விளையாடினாள்.

3. தங்கள் அலுவலகம் மண் எடுத்துச் சோதித்து, வரம்புக்குள் இருப்பதாக எழுதியது. ஊரில் நச்சு மண்ணை அகற்றும் பணியிலிருந்து எங்கள் சந்து நீக்கப்பட்டது. அப்படியானால் மகளின் ரத்தத்தில் ஈயம் எப்படி வந்தது என்று கேட்கச் சென்றபோது தங்கள் உதவியாளர், "ஒங்க வீட்டுக்காரர் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. உலையில வேலை பாத்தவங்க வீட்ல இதெல்லாம் சகஜம்" என்றார். என் கணவர் சுகிமான் தோஃபு என்னும் சோயாக் கட்டி விற்பவர். உலைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை.

4. பிறகு ஆய்வகத்துக்குச் சென்றேன். ஆய்வாளர் திரு. ஹெண்ட்ரோ மரியாதையாகவே விளக்கினார். ஈயத்தில் எடை வேறுபட்ட ஐசோடோப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் செறிந்த ஈயத்தை அளந்து மாதிரியில் கலக்கிறார்கள். பிளாஸ்மா நிறை நிறமாலைமானி என்னும் கருவி அந்த ஐசோடோப்புகளின் விகிதத்தைக் காட்டுகிறது. அதைக் கொண்டு மண்ணில் முன்பே இருந்த ஈயத்தைக் கணக்கிடுகிறார்கள். குளத்தில் அடையாளமிட்ட மீன்களை விட்டு, வலையில் அவை எத்தனைக்கு எத்தனை வருகின்றன என்று பார்ப்பது போல. "இதுல கொஞ்சம் சிந்தினாலும் கொட்டினாலும் கணக்கு தப்பாது டீச்சர். அதான் இதோட அழகே!" என்றார்.

அந்த அழகை நம்பித்தான் தவறிவிட்டார்கள், ஐயா. அமிலத்தில் மண்ணைக் கொதிக்க வைத்து வடிகட்டியபோது கறுப்பு மணல் வடிதாளில் தங்கியது. அது எங்கே என்று கேட்டேன். "அது கரையாத வெறும் மணல். தூக்கிப் போட்டாச்சு" என்றார். அது மணல் அல்ல, உலைக் கசடு. கண்ணாடி போல் இறுகிய அந்தத் துகள்களுக்குள் இருக்கும் ஈயம், தினமும் அதை வாயில் போடும் குழந்தையின் உடலில் சிறுகச் சிறுகக் கசிந்து சேரும்; ஆனால் ஒருமுறை கொதிக்கும் சாதாரண அமிலத்துக்கு அதில் பெரும்பகுதி வெளியே வராது. வராதது, அவர்கள் அளந்து ஊற்றிய ஈயத்தோடு கலக்கவும் இல்லை. கலந்த பிறகு சிந்தினால்தான் விகிதம் மாறாது. கலக்காததை இந்த முறையால் எண்ணவே முடியாது. நான் இதைச் சொன்னதும் அவர் அறிக்கையின் நகலை எடுத்து மறுபடி படித்தார். பிறகு, "மேலிடத்துலேர்ந்து எழுத்துல வந்தா திரும்பப் பண்றேன் டீச்சர்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எழுதாமல் இருக்கும் தங்கள் மீது இருக்கிறது. மன்னிக்கவும்.

5. லாரஸின் ரத்தத்தை அளந்ததும் அதே ஆய்வகம், அதே கருவி, அதே முறை. ரத்தம் அமிலத்தில் முழுவதும் கரைந்துவிடும். அந்த எண்ணில் பிழை இல்லை. அதை நம்பித்தான் அவளை அடக்கம் செய்தோம்.

6. ஆகவே, எங்கள் முற்றத்து மண்ணை, கறுப்புத் துகள் ஒன்றும் மிஞ்சாமல் அதற்குரிய அமிலத்தில் கரைத்து மீண்டும் அளக்கவும், முடிவு வரும்வரை எங்கள் சந்தினை மண் அகற்றும் பணியில் சேர்க்கவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

7. குழந்தையின் கால் முதன்முதலாக மண்ணில் படும் சடங்கை எட்டாம் மாதத்தில், வீட்டு முற்றத்தில் செய்வது எங்கள் வழக்கம். அதுவரை பாஸ்கோரோவைத் தரையில் விடாமல் தூக்கியே வளர்க்கிறோம். உறவினர்கள் நாள் குறித்துவிட்டார்கள், வரும் ஞாயிறு. "அரசாங்கமே நல்ல மண்ணுன்னு சொல்லிடுச்சே, இன்னும் என்னடி பயம்?" என்று என் நாத்தனார் கேட்கிறாள். தங்கள் அறிக்கை சரிதான் என்றால், அன்று தாங்களே நேரில் வந்து, என் மகனைத் தங்கள் கையால் எங்கள் முற்றத்தில் இறக்கிவிட வேண்டுகிறேன்.

இடம்: கராங்ஜேனார்
நாள்: 14 மே 2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ரெத்னோ விஜயந்தி