எந்த இரத்தமும் சேரவில்லை

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. சுபைதாவை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். கலியாணமாகி நாலு வருடம், காய்ச்சல் என்றுகூடப் படுத்தவள் அல்ல. கண் மஞ்சள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. இரத்தத்தை லாபில் நானே பார்த்தேன். ஹீமோகுளோபின் ஐந்து; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அவளிடம் ஒன்பது என்று பொய் சொன்னேன்.

15, புதன்

அவள் தம்பி ஹனீபா சாய்ந்தமருதிலிருந்து தன்னோடு கடலுக்குப் போகும் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டி வந்தான். எல்லாரும் அவளுடைய இரத்த குரூப். ஐந்து பேரின் இரத்தத்தையும் அவளுடையதோடு கலந்து பார்த்தேன். ஐந்தும் கட்டி கட்டியாக ஒட்டின.

லாப் வாசலில் மாமி, சுபைதாவின் உம்மா. "ஒரு வயித்துல பொறந்தவன்ட ரத்தமும் சேராதா மகன்? சரியாத்தான் பாத்தீங்களா?"

"மூணு தரம் பாத்தன் மாமி."

நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை.

16, வியாழன்

ஹீமோகுளோபின் நாலு. டொக்டர் வந்து மைக்ரஸ்கோப்பில் பார்த்தார். நடுவில் குழிந்திருக்க வேண்டிய சிவப்பணுக்கள் உருண்டை உருண்டையாக. கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம் அவளுடைய சொந்த அணுக்களின் சவ்விலேயே ஒட்டிவிட்டதாம். சவ்வு விறைத்துப்போகிறது. நல்ல அணு வளைந்து நெளிந்து மண்ணீரலின் இடுக்குகளைக் கடந்துவிடும். இவை வளையாமல் சிக்கி உடைகின்றன. ஏற்றும் இரத்தத்துக்கும் இதே கதிதான்.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு. ஆர்ர ரத்தம் இது?"

"எல்லாம் சுபைதாடதான் மாமி. வேற ஆக்கள்ற ஒண்டும் இதுல இல்ல."

மாமி மைக்ரஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "அப்ப அவள்ற உடம்பே அவள..." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

17, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகவில்லை. ஹீமோகுளோபின் மூன்றரை. கூப்பிட்டும் சுபைதா கண் திறக்கவில்லை.

டொக்டர்: "பொருந்தாட்டியும் ஏத்தத்தான் வேணும். ஆகக் குறைவா ஒட்டுறத எடுங்க. நேத்துக் குடுத்த குளிசை அந்தப் புரதத்த அடக்குற வரைக்கும் தாங்கினாப் போதும்."

எடுக்க வேண்டியவன் நான். ஐந்து குழாய்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஹனீபாவுடையதில் கட்டி சின்னது. சின்னது போலத் தெரிந்தது. யா அல்லாஹ், நான் எடுத்தது பிழையானால் அவளைக் கொன்றவன் நானாவேன்.

அவனிடம் ஒரு போத்தல் இரத்தம் எடுத்து, மூன்று மணிக்கு ஏற்றத் தொடங்கினோம். சொட்டுச் சொட்டாக. இரத்தம் ஒத்துக்கொள்ளாமல் நடுக்கம் வருகிறதா என்று அவள் கையைப் பிடித்தபடி நான். மற்றப் பக்கம் ஹனீபா.

20, திங்கள்

நாலரை. நேற்றும் நாலரை. உடைவது நின்றதா, தெரியாது. இன்னும் ஒரு கிழமை போகட்டும் என்கிறார் டொக்டர்.

காலையில் கண் திறந்தாள். ஹனீபாவைப் பார்த்து, "கடலுக்குப் போகல்லியாடா?" என்றாள்.

அவன் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"நாளைக்குப் போவான் புள்ள," என்றேன்.